வேங்கடத்தின் அடியில் ஒரு கொரியப் பந்தி

தமிழர் இருவர் வழியிற் சந்தித்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னரே நாவில் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சாப்பிட்டாயிற்றா?" என்பதே அது. கேட்பவர் விருந்து வைக்கப் போவதில்லை. கேட்கப்பட்டவரும் அதனை எதிர்பார்ப்பதில்லை. எனினும், அந்த ஒரு சொல்லில் ஓர் உறவு புதுப்பிக்கப்படுகிறது. ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு, அந்தக் கேள்வியைத் தாய்மொழியில் கேட்டு எத்தனை நாளாயிற்று என்பதே சில வேளைகளில் ஓர் ஏக்கமாகிவிடுகிறது.

இதே வழக்கம் கொரிய நாட்டாரிடமும் உண்டு. அவர்களும் ஒருவரையொருவர் காணும்போது, "சோறு உண்டீரா?" என்றுதான் கேட்கிறார்கள். சோற்றுக்கு அவர்கள் மொழியில் 'பப்' என்று பெயர். அச்சொல் சோற்றை மட்டுமின்றி, நம் 'சோறு' போலவே, ஒரு வேளை உணவு முழுவதையும் குறிக்கும். இத்தகைய மக்கள் குடும்பத்தோடு வந்து, நம் வேங்கட மலைக்கு அணித்தாக ஓர் உணவகம் நடத்துகிறார்கள். அந்தப் பந்தியில் நாம் கண்டதும் கேட்டதுமே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறுவது தொல்காப்பியப் பாயிரம் தொட்டு வரும் மரபு. அந்த மலையைச் சூழ்ந்த நிலப்பகுதியோ எந்நாளும் இருமொழி பேசும் நிலம். சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சேர்ந்தது. எல்லை பற்றிய கிளர்ச்சிகள் எழுந்தன. முடிவில் 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் முதல் நாளில், திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; அதுவரை செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குச் சென்றது. கோடு மாறியதே ஒழியக் குடிகள் மாறவில்லை. இன்றும் சத்தியவேட்டுச் சந்தையில் ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பாரைக் காணலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது, இந்த வட்டாரம் சித்தூரிலிருந்து பிரிந்து அதன்கண் அடங்கிற்று.

இந்தச் சத்தியவேட்டுப் பக்கத்திலேதான், சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், தடாவை அடுத்து, 'ஸ்ரீ சிட்டி' என்னும் தொழில் நகரம் 2008 முதல் வளர்ந்து வருகிறது. ஜப்பானியர், அமெரிக்கர், ஐரோப்பியர் எனப் பல நாட்டாரின் ஆலைகள் அங்கே உள்ளன. கொரியாவின் எல்.ஜி. நிறுவனம் 2025 மே மாதத்தில் அங்கே ஒரு பெரிய ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. கொரியர் இந்தப் பக்கங்களுக்கு வந்தது அதற்கும் முற்பட்ட செய்தி. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் திருப்பெரும்புதூர் அருகே கால் ஊன்றி, 1998-இல் தன் முதற் காரை வெளியிட்டது. 2019-இல் கியா நிறுவனம் பெனுகொண்டாவுக்கு அருகில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை வந்தால் பொறியாளர் வருவர். பொறியாளர் வந்தால் அவர்தம் நாவுக்கு உகந்த சோறும் பின்னாலே வந்தாக வேண்டும் அன்றோ?

அவர்கள் இங்கே வருவதற்கு நெடுநாள் முன்னரே நம்மவர் அங்கே சென்றிருக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது. 1950-இல் கொரியப் போர் மூண்டபோது, இந்தியா படைக்கலம் அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்பது அதன் பெயர். அதற்குத் தலைமை தாங்கிச் சென்றவர், தம் பெயரிலேயே ஆற்காட்டைத் தாங்கிய ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஆகவே, இரு நாட்டாரிடையே கொடுக்கல் வாங்கல் காரோடு தொடங்கியதன்று.

சென்ற புரட்டாசியில், திருமலைக்குச் செல்லும் வழியில், அந்தத் தொழில் நகரத்து ஆலை ஒன்றில் பணிபுரியும் உறவினர் பிள்ளையின் வீட்டில் நாங்கள் ஒரு பகல் தங்க நேர்ந்தது. அவர்தாம் எங்களை அந்தக் கொரிய உணவகத்துக்கு அழைத்துச் சென்றார். எங்களோடு வந்த அத்தை, ஆண்டில் பதினொரு மாதம் மீனை விரும்பி உண்பவர். புரட்டாசியில் மட்டும் பெருமாளுக்காக அதனைத் தொடாதவர். "எனக்கு வெள்ளைச் சோறு போதும், மற்றதற்கு என்னிடம் புளியோதரை இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் படியேறினார்.

உணவகம் என்று பெயரே தவிர, அது ஒரு வீடு. முன்னறையில் ஆறு மேசைகள், பின்னறையில் அடுப்படி. அடுப்பைப் பார்ப்பவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். கணக்கைப் பார்ப்பவர் அவருடைய கணவர். பள்ளி விட்டு வந்த மகள், மூலையில் ஒரு மேசையில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பரிமாறுவதற்குச் சத்தியவேட்டுப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழும் தெலுங்கும் தாய்மொழிபோல. கொரியத்திலும் வேண்டிய மட்டும் பேசினார்.

உட்கார்ந்தவுடன், கேளாமலே, சின்னஞ்சிறு கிண்ணங்கள் மேசைக்கு வந்தன. வேகவைத்துப் பிழிந்து எள்ளெண்ணெய் சேர்த்த கீரை, முளைவிட்ட பயறு, இனிப்பும் உப்புமாய்ச் சமைத்த உருளைக்கிழங்கு, செக்கச் சிவந்த முள்ளங்கி எனப் பலவகை. இவற்றுக்குத் தனியே விலையில்லை. தீர்ந்தால் மீண்டும் வைப்பார்கள். நம் இலையில் கூட்டும் பொரியலும் பச்சடியும் இடம்பெறுவதைப் போலவே, அங்கே சோற்றைச் சூழ்ந்து இவை நிற்கும். இவற்றுக்குப் பொதுப் பெயர் 'பஞ்சன்' என்றார்கள். கேட்டவுடன் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரைக்குத் தெற்கே இன்றும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியை 'வெஞ்சனம்' என்று சொல்வார்கள். ஓசையும் ஒத்தது; பொருளும் ஒத்தது!

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர்க்கு இத்தகைய இடங்களில்தாம் எச்சரிக்கை வேண்டும். வெஞ்சனம் என்பது 'வியஞ்சனம்' என்னும் வடசொல்லின் திரிபு. பஞ்சன் என்பதோ, சோறு என்றும் துணைக்கறி என்றும் பொருள்படும் இரு சீனச் சொற்கள் கொரியத்திற் கூடி அமைந்தது. வேர் வேறு, விளைவு ஒன்று. இரண்டு உழவர் குடிகள், ஒருவரையொருவர் அறியாமலே, சோற்றை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றிலும் வைத்தார்கள். அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. நெல் விளையும் நிலம் செய்த ஒற்றுமை இது, குருதி செய்ததன்று.

கொரியத்தில் தந்தையை 'அப்பா' என்றும், தாயை ஏறத்தாழ 'ஒம்மா' என்றும் குழந்தைகள் அழைப்பதைக் கேட்டு, இரு மொழியும் உடன்பிறந்தவை என்று முடிவு கட்டுவோர் நம்மிடையே பலர் உளர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். 13-ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலான 'சம்குக் யுசா', கி.பி. 48-இல் கடல் கடந்து வந்து கொரிய மன்னன் ஒருவனை மணந்த அரசகுமாரி ஒருத்தியின் கதையைக் கூறுகிறது. அவள் பிறந்த 'அயுத' நாட்டை அயோத்தி என்பாரும் உளர், தென்தமிழ்நாடு என்பாரும் உளர். கதை இனிது. ஆயினும், மொழியறிஞர் பெரும்பாலோர் கொரியத்தையும் தமிழையும் ஒரு குடும்பமாகக் கொள்வதில்லை. அப்பா, அம்மா போன்ற சொற்கள் குழந்தையின் இதழிலே எளிதிற் பிறப்பவை. ஆதலால் உலகின் பல மூலைகளிலும் ஒத்திருக்கும்.

ஆனால் வேறோர் ஒற்றுமையைப் பொய்யென்று தள்ள இயலாது. அங்கே உண்ண வந்த கொரியத் தொழிலாளர், அடுப்படி அம்மையாரை 'இமோ' என்று அழைத்தனர். தாயின் உடன்பிறந்தாள், அதாவது நம் சித்தி, பெரியம்மா என்பது அதன் பொருள். இட்லிக் கடையில் நாம் 'அக்கா, இன்னும் கொஞ்சம் சட்னி' என்று கேட்பதில்லையா? காசு கொடுத்து உண்ணும் இடத்திலும் உறவுமுறை வைத்தே அழைக்கும் மக்கள் அவர்களும். மூத்தோர் கரண்டி எடுத்த பின்னரே இளையோர் எடுப்பர். பெரியவர் எதையேனும் கொடுத்தால் இரு கையாலும் வாங்குவர். நாம் நீ, நீங்கள் என்று வேற்றுமைப்படுத்துவதுபோல, அவர்கள் வினைமுற்றின் ஈற்றிலேயே மரியாதையை ஏற்றியும் இறக்கியும் பேசுவர்.

வேறுபாடுகளும் உள. அவர்கள் அரிசி குட்டையானது, வெந்தால் ஒட்டிக்கொள்ளும். நம் சோறு உதிரியாக இருந்தால்தான் குழம்போடு பிசைய வரும். அவர்கள் சோறு ஒட்டினால்தான் குச்சியாலும் கரண்டியாலும் எடுக்க வரும். சீனரும் ஜப்பானியரும் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உண்பர்; கொரியரோ கிண்ணத்தை மேசையை விட்டு எடுப்பது நாகரிகமன்று என்பர். அதனால்தான் நீண்ட காம்புள்ள உலோகக் கரண்டி அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. கையால் உண்ணும் அத்தையைக் கண்டு அங்கே ஒருவரும் வியக்கவில்லை. பரிமாறிய பெண்மணி கைகழுவ நீர் கொண்டுவந்து வைத்தார்.

இனி, கிம்ச்சிக்கு வருவோம். கொரியர் பந்தியில் சோறின்றியும் இருக்கலாம், கிம்ச்சியின்றி இருத்தல் அரிது. நீண்ட இலைகளையுடைய ஒருவகைக் கோசை உப்பில் ஊறவைத்து நீர் வடித்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி ஆகியவற்றோடு, உப்பிட்ட சிறு இறாலோ மீன் சாறோ கலந்து, இலைக்கு இலை தடவி, காற்றுப் புகாமல் அடைத்து வைப்பார்கள். உப்பு கெடுக்கும் கிருமிகளை அடக்கும்; புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெருகிச் சாற்றைப் புளிப்பாக்கும். நம் இட்லி மாவை எழும்பச் செய்யும் நுண்ணுயிர்க் குடும்பமே அங்கும் வேலை செய்கிறது. கார்காலம் முடிந்து கடுங்குளிர் வருமுன், ஊர்ப் பெண்டிர் கூடி ஆண்டுக்கு வேண்டியதைச் செய்து, மண்சாடிகளில் இட்டு நிலத்திற் புதைப்பது அவர்கள் மரபு. 'கிம்ஜாங்' என்னும் அந்தக் கூட்டு உழைப்பை யுனெஸ்கோ 2013-இல் மானுட மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

அதன் செந்நிறமும் பழமையானதன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக் காய். போர்ச்சுக்கீசியர் வழியே நம் நாட்டுக்கு 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. கொரியாவுக்கு அந்நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வந்தது என்பர். இன்று குண்டூர் மிளகாய் இன்றி ஆந்திரச் சமையலை எண்ணிப் பார்க்க முடியுமா? அவர்களும் அவ்வாறே. வந்தேறிய காய், இரு நாட்டிலும் வீட்டுக்குரியதாகிவிட்டது. குண்டூர் மிளகாய் தம் கிம்ச்சிக்குக் காரம் மிகுதி என்று, நிறம் மிகுந்து காரம் குறைந்த பியாடகி மிளகாயைத் தாம் பயன்படுத்துவதாக அம்மையார் சொன்னார். கோசு கிடைக்காத நாளில் உள்ளூர் முள்ளங்கியையே சதுரமாக வெட்டிப் போடுகிறாராம்.

கிம்ச்சிக் கிண்ணம் அத்தையின் பக்கம் நகர்ந்தபோதுதான் நிகழ வேண்டியது நிகழ்ந்தது. உணவுப் பட்டியலில் அதற்குத் தமிழிலும் தெலுங்கிலும் 'கோஸ் ஊறுகாய்' என்று அச்சிட்டிருந்தது. ஊறுகாய் என்றால் புரட்டாசிக்கு என்ன தடை? அத்தை கை நீட்டினார். பரிமாறிய பெண்மணி விரைந்து வந்து, "பெரியம்மா, அது உங்களுக்கு வேண்டாம், அதில் மீன் சேர்ந்திருக்கிறது" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். வேறொன்றைக் கொண்டுவந்து வைத்து, "இது புரட்டாசிக்கென்று தனியே செய்தது, மீன் கிடையாது" என்றார்.

கேட்டபோது விவரம் வெளிவந்தது. உணவகம் திறந்த முதல் ஆண்டில், ஒரு மாதம் மட்டும் உள்ளூர்த் தொழிலாளர் வருவது திடீரென்று குறைந்ததாம். ஏனென்று அம்மையாருக்கு விளங்கவில்லை. சத்தியவேட்டுப் பெண்மணிதான் புரட்டாசியைப் பற்றி எடுத்துரைத்தார். உடனே அம்மையாருக்குத் தம் ஊர்ப் பௌத்த மடங்களின் சமையல் நினைவுக்கு வந்தது. கொரிய மடங்களில் மீனும் இறைச்சியும் சேர்ப்பதில்லை. பூண்டு, வெங்காய வகைகளையும் நீக்கிவிடுவர். திருமலைப் பிரசாதத்தில் வெங்காயமும் பூண்டும் சேராதது போலத்தான். பௌத்தர் விலக்கும் ஐந்து கடும்பொருள்களில் பெருங்காயமும் ஒன்று என்று நாம் சொல்லக் கேட்டு, "பெருங்காயம் இல்லாமல் சாற்றமுதா!" என்று அத்தை இரங்கினார். மடத்து முறையை ஒட்டி, மீன் சாற்றுக்கு ஈடாகச் சோயாச் சாறும் பழமும் சேர்த்து, ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒரு தனிச் சாடி அந்த வீட்டில் நிரம்புகிறது.

நம் தொழிலை அறிந்ததும், பட்டியலைத் திருத்தித் தருமாறு அம்மையார் கேட்டார். அச்சகத்தார் எழுதிய சொல் அது. 'ஊறுகாய்' என்பது கேட்பதற்கு எளிதாயினும், உண்பவனை ஏமாற்றும் சொல். ஆலையிற் பணிபுரியும் உறவினர் பிள்ளை வேறுவிதமாக எண்ணினார். "மீன் என்று வெளிப்படையாக அச்சிட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். பெயர் மட்டும் போதுமே" என்றார். வணிகத்தை நோக்கினால் அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஆறு மேசையில் மூன்று காலியானால் அந்தக் குடும்பம் தாங்காது. அதனைப் பெண்மணி மொழிபெயர்த்துச் சொன்னபோது, அம்மையார் சிறிது நேரம் கணவரைப் பார்த்தார். பிறகு சொன்ன விடையின் கருத்து இது: "எழுந்து போகிறவர் நாளை திரும்பி வருவார். தெரியாமல் உண்டுவிட்டு மலையேறினவர் திரும்பி வரமாட்டார்."

அவ்வண்ணமே எழுதப்பட்டது. 'கிம்ச்சி – மீன் சாறு சேர்ந்தது' என்று ஒரு வரி, 'கிம்ச்சி – மீன் சேராதது' என்று அடுத்த வரி, தெலுங்கிலும் அப்படியே. கிம்ச்சி என்னும் பெயரை மாற்ற வேண்டாம் என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார். அதைவிட நல்ல மொழிபெயர்ப்பை நாமும் அறியோம். பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும். பொருள் பிறர்க்கு விளங்க வேண்டும். அத்தை தம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பங்கு கொடுத்தார். அம்மையார் அதனை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நேயர்களே, இதிலே புலம்பெயர்ந்து வாழும் நமக்கு ஒரு பாடம் உண்டென்று தோன்றுகிறது. அயலூரில் உணவகம் நடத்தும் நம்மவர் இருவகை. ஒரு சாரார், யாருக்கும் புரியாவிட்டாலும் கவலையில்லை என்று, தம்மவர்க்கு மட்டும் சமைத்துக் கதவைச் சாத்திக்கொள்வர். தம்மவர் பிள்ளைகள் வேறு ஊர் சென்றதும், கதவு சாத்தியே கிடக்கும். மற்றொரு சாரார், அயலார் நாவுக்கு உகக்க வேண்டுமென்று, சாம்பாரில் சர்க்கரையைக் கொட்டி, தோசையைப் பெயர் மாற்றி, இறுதியில் தாம் யார் என்பதையே மறந்துவிடுவர். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. சுவையையும் பெயரையும் விடாமல் வைத்திருப்பது. அதே வேளையில், கலத்தில் இருப்பது இன்னதென்று அயலார்க்கு அவர் மொழியில் மெய்யாகச் சொல்வது. அவருடைய நோன்பு நாளுக்கென்று அடுப்படியில் ஒரு சாடியை ஒதுக்குவது.

மொழிக்கும் இஃதே விதி. உணவகத்து மகள் வீட்டுப் பாடத்தை ஆங்கிலத்தில் எழுதினாள். பெண்மணியிடம் தெலுங்கிற் பேசினாள். தாய் அடுப்படியிலிருந்து கூப்பிட்டபோது கொரியத்தில் விடை கூறினாள். கூப்பிடுவதற்கு அந்தத் தாய் தம் மொழியை விடவில்லை. ஆதலால் பெண்ணும் விடவில்லை. நம் வீடுகளில் 'சாப்பிட வா' என்ற அழைப்பு எந்த மொழியில் ஒலிக்கிறது என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகள் வெளியே பத்து மொழி பேசட்டும். பசிக்கும் வேளையில் காதில் விழும் மொழி ஒன்றே அவர்களோடு கடைசி வரை வரும்.

சித்தூர்ப் பக்கத்தில் உள்ளோர் கேழ்வரகுக் களியைச் 'சங்கடி' என்பர். நாம் களி என்போம். இரண்டும் ஒரே பானையில் வெந்ததுதான். எல்லைக்கோட்டை எத்தனை முறை மாற்றி வரைந்தாலும், அதன் இருபுறத்தும் அடுப்புகள் புகைந்துகொண்டுதான் இருக்கும். அந்த அடுப்புகளின் வரிசையில் இன்று கொரியர் அடுப்பு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அதனை அயலார் அடுப்பு என்று ஒதுக்கவும் வேண்டாம். நம் முன்னோர் அடுப்பே என்று பொய்யுறவு கொண்டாடவும் வேண்டாம். அண்டை வீட்டார் அடுப்பு என்று மதித்தால் போதும். அயல் மாநிலத்தில் நம் அடுப்பை மற்றவர் எவ்வாறு மதிக்க வேண்டுமென்று விரும்புகிறோமோ, அவ்வாறே.